ஏட்டி என்று கூப்பிட்ட மேடை

(கொடை விழாவின் நிறைவு இரவில், ‘திருநங்கையருக்கு இரவு மேடை தந்தது வாழ்வா, வடுவா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வாழ்வே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி, டீச்சர் அக்கா, சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிட்ட ஆச்சிமார், மதினிமார், பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கும் தம்பிமார், எல்லாருக்கும் வணக்கம்.

பாதி அரிதாரத்தோடு வந்து நிற்கிறாளே என்று பார்க்காதீர்கள். பட்டிமன்றம் முடிந்ததும் கரகாட்டம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதல்லவா, அந்தக் கரகத்தை எடுக்கப் போகிறவள் நான்தான். வாழ்வே அணியில் பேச ஒரு ஆள் வரவில்லை, நீயே பேசிவிடு என்று கமிட்டியில் சொன்னார்கள். பேச்சுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார்கள். உண்டா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

வடுவே என்று முதலில் பேசிய அண்ணாச்சி ராத்திரி ஆட்டத்தை நன்றாகவே படம் பிடித்துக் காட்டினார். அரைகுறை உடுப்பு, இரட்டை அர்த்தப் பாட்டு, குடித்துவிட்டு மேடையேறி ஊக்கால் ரூபாய் நோட்டைக் குத்துகிற ஆட்கள். திருநங்கை என்றாலே ஊருக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்றார். அப்புறம் டீச்சர் அக்கா வந்தார்கள். சினிமாவில் கேலிக்கு, மேடையில் ஆட்டத்துக்கு, போனில் அதைவிடக் கீழான காட்சிக்கு, இதற்குப் பெயர் வெளிச்சம் கிடையாது, விளக்கில் விழுகிற விட்டில் என்றார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். அக்கா அழகாகப் பேசுகிறார்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்ணாச்சி சொன்னதில் பொய் இல்லை. ஊக்குக் குத்துகிறேன் என்று தோளில் கீறிய தழும்பு எனக்கு இருக்கிறது. வடு என்றால் என்ன என்பதில் எனக்குப் பாடம் வேண்டாம். அந்தத் தழும்போடு நின்றுதான் வாழ்வே என்று சொல்கிறேன். ஏன் என்று கொஞ்சம் கேளுங்கள்.

நம்ம ஊரில் பையனைக் கூப்பிட்டால் ‘ஏலே’. பொம்பளப்பிள்ளையைக் கூப்பிட்டால் ‘ஏட்டி’. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் மரியாதைக் குறைவாகப் படும். நமக்கு அப்படி இல்லை. அது வீட்டுக்குள் இருக்கிற சொல். பதினெட்டு வயது வரைக்கும் நான் ‘ஏலே’தான். “ஏலே, நடையப் பாரு.” “ஏலே, கைய ஆட்டாம பேசுலே.” வீட்டில் அப்பா, பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார், டீக்கடையில் யார் யாரோ. ஒவ்வொரு ஏலேயும் தலையில் குட்டுகிற மாதிரி இருக்கும். வீட்டை விட்டு வந்து, திருநங்கையர் சேர்ந்து வாழ்கிற ஜமாத்தில் சேர்ந்தேன். குருவம்மா இருந்தார்கள், சோறு இருந்தது. பகலில் கடை கேட்கப் போவோம். கடை கேட்பது தெரியும்தானே உங்களுக்கு? கையைத் தட்டிவிட்டுக் கல்லா முன்னால் நிற்போம், காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முகத்தைப் பார்க்காமலே கொடுப்பார்கள். சீக்கிரம் போனால் சரி என்று கொடுப்பார்கள்.

அப்போது ஒரு கரகாட்டச் செட்டில் ஆள் குறைகிறது என்று என்னைக் கூட்டிப்போனார்கள். வாத்தியார் முதலில் தலையில் செம்பை வைக்கவே இல்லை. ஒரு செங்கலை வைத்து, வயல் வரப்பில் நடக்கச் சொன்னார். ஒரு மாதம் வரப்புதான். அப்புறம் செம்பு, செம்புக்குள் அரிசி, அதற்கு மேல் பூக்கோபுரம், உச்சியில் கிளி. அந்தக் கிளி அசையாமல் இருக்க வேண்டும், நான் மட்டும் அசைய வேண்டும். நாகசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்து எழும்பும்போது இடுப்பு தானாக வரும், கழுத்து மட்டும் நம்ம பேச்சைக் கேட்க வேண்டும். கீழே கிடக்கிற ஊசியை, தலையில் கரகத்தோடு பின்னால் வளைந்து கண்ணிமையால் எடுப்பதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஊக்குக் குத்த வந்தவர் யாரும் இந்த ஊசியைப் பற்றி விசாரித்ததில்லை.

2003இல் ஆடி மாதம், களக்காட்டுப் பக்கம் ஒரு இசக்கியம்மன் கொடை. விடிய விடிய ஆட்டம். காலையில் கணக்கு முடித்துக் கொடுக்கும்வரை கோயில் திண்ணையில் காத்துக்கிடந்தோம். ராத்திரிக்கு எனக்கு 350 ரூபாய். அரிதாரம் பாதி கலைந்து, முடி அவிழ்ந்து, பேய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆச்சி வந்தார்கள். பாம்படம் தொங்குகிற காது, கையில் ஓலைப்பெட்டி. என்னைப் பார்த்து, “ஏட்டி, இங்க வா. விடிஞ்ச பொறவும் தலைய சீவாம இருக்கியே, பொம்பளப்பிள்ள இப்படியா இருக்கும்?” என்றார்கள். பெட்டியிலிருந்து பிச்சிப்பூ எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, நீ ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ராத்திரி முழுக்க நான் ஆடியதைப் பார்த்திருக்கிறார்கள், அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

என்னை முதன்முதலில் ஏட்டி என்று கூப்பிட்டது அந்த ஆச்சிதான்.

சென்னையில் திருநங்கையர் நல வாரியம் வந்தது 2008 ஏப்ரல் 15இல். இந்தியாவிலேயே முதல் வாரியம், நமக்குப் பெருமைதான். ‘திருநங்கை’ என்கிற சொல்லும் அந்தக் காலத்தில்தான் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. உச்ச நீதிமன்றம் 2014இல், அதே ஏப்ரல் 15இல், ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ மூன்றாம் பாலினம் என்றோ தானே சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. உடையாலும் சொல்லாலும் செயலாலும் தன் பாலினத்தை வெளிப்படுத்துவது பேச்சுரிமைக்குள் அடக்கம் என்றும் சொன்னது. பெரிய தீர்ப்பு. கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பதினோரு வருடம் முந்தியே களக்காட்டில் ஒரு தீர்ப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஆச்சியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது எது? கடைத்தெருவா, பள்ளிக்கூடமா? ராத்திரி மேடைதான்.

இந்த ஆட்டமெல்லாம் நேற்று வந்த சீரழிவு என்று அண்ணாச்சி சொன்னதற்கு வருகிறேன். அண்ணாச்சி தமிழ் படித்தவர். சிலப்பதிகாரம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோரு ஆடலில் ஒன்று பேடியாடல். காமனே ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் ஆடியது. மணிமேகலையில், சுருண்ட தாடியும் கரிய கூந்தலுமாகப் பேடிக்கோலம் கட்டி ஆடுவதைப் புகார் நகரத்துத் தெருவில் ஜனம் நின்று பார்க்கிறது. அந்தத் தெருவிலும் பைக்கில் சாய்ந்த தம்பிமார் மாதிரி நாலு பேர் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் மழை இல்லாவிட்டால் கோயிலில் விராட பருவம் படிக்கிறோமே, அதில் என்ன கதை? அர்ச்சுனன் பேடியாகி, பிருகன்னளை என்று பெயர் வைத்துக்கொண்டு, விராடன் மகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கதை. அதைப் படித்தால் மழை வரும் என்கிறீர்கள். அப்படிப்பட்டவள் நேரில் வந்து ஆடினால் மட்டும் ஊருக்கு ஆகாதா?

சரி, புராணம் வேண்டாம். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துப் பார்க்காத ஆள் இந்தச் சீமையில் உண்டா? மகுடம் என்கிற பறையை அடிக்க, அண்ணாவி பாட, சேலை கட்டிச் சலங்கை கட்டி ஆடுகிற இரண்டு பேரும் ஆண்கள்தான். நடுச்சாமத்தில் அம்மன் கூத்துக்கு அவர்கள் எழுந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. குலசேகரன்பட்டினத்துக்கு, நம்ம குலசை தசராவுக்குப் போங்கள். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டிக் காணிக்கை வாங்குகிற அண்ணன்மார் எத்தனை பேர்! அவர்கள் தட்டில் காசு போடும்போது யாரும் சிரிப்பதில்லை. அது நேர்த்திக்கடன்.

இன்னொன்று. நம்ம தூத்துக்குடியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் பையன்களை வைத்தே ஒரு நாடக சபை நடத்தினார். அந்தக் கம்பெனிகளில் பெண் வேடம் எல்லாம் பையன்களுக்குத்தான், ஸ்திரீபார்ட் என்பார்கள். அந்தச் சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம் 1940களில் ஔவையாராக நடித்தார். நடிப்பைப் பார்த்து ஊர் அவருக்கு ‘அவ்வை’ என்று பட்டம் கொடுத்தது. சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. நல்ல நடிகர், பட்டத்துக்குத் தகுதியானவர், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேள்வி ஒன்றுதான். ஆணாக இருந்து பெண்ணாக நடித்தால் பெயருக்கு முன்னால் ‘அவ்வை’ வருகிறது. நான் நடிக்கவே இல்லை, இருக்கிறபடி வந்து நிற்கிறேன், என் பெயருக்கு முன்னால் ‘ஒம்போது’ வருகிறதே, இது என்ன கணக்கு?

டீச்சர் அக்கா நர்த்தகி நடராஜ் அவர்களைச் சொன்னார்கள். அவரும் திருநங்கைதான். மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதநாட்டியம் படித்து, 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர். “அது சபா மேடை, மரியாதையான மேடை, அப்படி ஆடுங்கள்” என்றார்கள். அக்கா, நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஆட்டத்துக்குப் பெயர் சதிர். சதிர்க் கச்சேரி பார்த்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொல்ல முடியாது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1947இல் சட்டம் வந்தது, ஒழித்ததும் சரிதான். ஆனால் ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறிச் சபாவுக்குள் போனபோது, தலைமுறை தலைமுறையாக அதை ஆடிக் காப்பாற்றிய பெண்களில் எத்தனை பேருக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள்? ஆட்டத்துக்கு மரியாதை வந்தது, ஆடினவள் வாசலிலேயே நின்றாள். எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று யாராவது மேடையை மூட வந்தால் எனக்கு அந்தப் பெண்கள் ஞாபகம்தான் வருகிறது.

ஆபாசத்துக்கு வருவோம். நடுவர் ஐயா கையைப் பிசைகிறார், பயப்படாதீர்கள், ஆச்சிமார் இருக்கிறார்கள், பார்த்துத்தான் பேசுவேன்.

கரகாட்டத்திலும் ஆடல் பாடலிலும் ஆபாசம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றம் ஒவ்வொரு தடவையும் ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுக்கிறது. அந்த நிபந்தனை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஆடுகிறவளுக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பத்து மணிக்குத் தொடங்கி நல்லபடியாக ஆடினோம். பன்னிரண்டு மணிக்குப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போன பிறகு கமிட்டி ஆள் ஒருவர் வந்தார். “இனி அந்த ரவுண்டு ஆடணும்” என்றார். எந்த ரவுண்டு என்று கேட்டேன். “தெரியாத மாதிரி கேக்காத” என்றார். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசியபோது அப்படி ஒரு ரவுண்டு கிடையாது. நான் கரகத்தை இறக்கி வைத்துவிட்டேன். பேசின தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். செட்டில் இருந்த தவில்காரருக்கும் சேர்த்துப் பாதிதான். அந்த மனுசன் பஸ்ஸில் வரும்போது என்னைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. மறுநாள் அந்த ஊரில் என்ன பேசியிருப்பார்கள்? “ஆடினவ சரியில்ல.”

அண்ணாச்சி பார்த்த வடு அதுதான். நான் கேட்பது, அந்த வடுவைப் போட்டது யார் கை? அரைகுறை உடுப்பை வாங்கிக் கொடுத்தது யார், பாட்டு லிஸ்ட் எழுதியது யார், மைக் யார் கையில் இருந்தது? ஏஜென்ட் எவ்வளவு எடுத்தான், எனக்கு எவ்வளவு வந்தது? இதையெல்லாம் விட்டுவிட்டு என் பாவாடை அகலத்தை மட்டும் அளக்கிறீர்கள்.

அதற்காக, அப்படி ஆடுகிறவள் எல்லாம் கெட்டவள் என்று நான் சொல்ல வரவில்லை. இது என் அணிக்காரர்களுக்கே பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. வயது வந்த ஒருத்தி, தெரிந்து, விரும்பி, கூலி பேசி, வயது வந்தவர்கள் முன்னால் கவர்ச்சியாக ஆடினால் அது அவள் பாடு. பெண்ணாகப் பிறக்காத உடம்பைப் பெண்ணாக ஆக்கிக்கொள்ள நாங்கள் என்னவெல்லாம் தாங்கினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அந்த உடம்பை அழகு என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒருத்தி நினைத்தால், அந்த ஆசையில் என்ன அசிங்கம் இருக்கிறது? எனக்கு அந்த ரவுண்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அவளுக்கு வேண்டும் என்று சொல்லும் உரிமையும் ஒரே உரிமைதான்.

அமெரிக்காவில் வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கும் படம் என்று ஒரு தொழில் இருக்கிறது. தம்பிமார் தலையைக் குனிய வேண்டாம், தெரியும். அதில் நடிக்கிற திருநங்கையருக்கென்று 2009 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள். முதலில் அந்த விருதின் பெயரிலேயே நம்ம ஊர் ‘ஒம்போது’ மாதிரி ஒரு சொல் இருந்தது. அது இழிசொல் என்று எதிர்ப்பு வந்து 2014இல் பெயரை மாற்றினார்கள். அந்தத் தொழிலில் ஆயிரம் குறை இருக்கும். இருந்தாலும் அதற்குள் இருந்தே என்னை இப்படிக் கூப்பிடு என்று கேட்க முடிந்திருக்கிறது. தாய்லாந்தில் பட்டாயாவில் 1974 முதல் ஒரு பெரிய அரங்கில் திருநங்கையர் ஆடுகிறார்கள், உலகமே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. ஆனால் அத்தனை வருட வெளிச்சத்துக்குப் பிறகும் 2024இல் பாலின அடையாளத்தைக் காகிதத்தில் மாற்ற வழி செய்யும் மசோதாவை அந்த நாட்டு நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. டீச்சர் அக்கா, இந்த ஒரு மார்க் உங்களுக்கு. கைதட்டல் மட்டும் ரேஷன் கார்டு ஆகாது.

போன் சமாச்சாரம். இதில் அக்காவுடன் எனக்குச் சண்டையே இல்லை. நான் ஆடுவதை எடுத்து, இடுப்பை மட்டும் வெட்டி, அசிங்கமான தலைப்புப் போட்டு, எங்கேயோ இருக்கிற ஒருவன் காசு பார்க்கிறான். கரகத்தையும் காணோம், கிளியையும் காணோம். உடை மாற்றும் இடத்தில் ஒளிந்து எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பைக் தம்பிமார் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதே போனில்தான், எங்க குருவம்மாவின் இன்னொரு மகள் தான் ஆடுவதைத் தானே எடுத்து, தானே தலைப்பு எழுதிப் போடுகிறாள். கீழே யாராவது கெட்ட வார்த்தை எழுதினால் அவளே அழிக்கிறாள். மேடையில் என்னால் அழிக்க முடிந்ததா?

சட்டம் என்றதும் ஒன்று. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் குறைந்தது 10 ஆண்டு. 2019இல் திருநர் சட்டம் வந்தபோது, எங்களுக்கு அதே கொடுமை நடந்தால் ஆறு மாதம் முதல் 2 ஆண்டு வரை என்று எழுதினார்கள். எங்கள் மதிப்பு இவ்வளவுதான் என்று எழுதியவர்கள் யாரும் ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு எழுதவில்லை. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியது அது. அதே 2019இல்தான், தூத்துக்குடிக் கோயிலில் ஒரு திருநங்கைக்கு நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது என்று ஒரு அலுவலகம் சொல்ல, திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. அலுவலகம் ஏலே என்றது, நீதிமன்றம் ஏட்டி என்றது.

ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போங்கள் என்று அண்ணாச்சி கடைசியில் சொன்னார். போகிறார்கள் அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கையர் மாடு வளர்த்துப் பால் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். போலீஸில் எஸ்.ஐ. ஆகியிருக்கிறார்கள். என்னையும் ஒருவர் கேட்டார், மாடு வாங்கித் தருகிறேன், ஆட்டத்தை விடுகிறாயா என்று. மாட்டை வாங்கிக்கொள்கிறேன், ஆட்டத்தை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். அவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. கணக்குப்பிள்ளை வில்லுப்பாட்டும் பாடலாம், வாத்தியார் நாடகமும் போடலாம், நாங்கள் மட்டும் திருந்தினால்தான் சோறா? நம்ம நெல்லையப்பர் தாமிரசபையில் ஆடினார். அவரிடம் போய், சாமி, ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அப்புறம் கும்பிடுகிறேன் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். தவில் சத்தமும் கேட்கிறது, செட்டு தயாராகிவிட்டது. தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்குச் சலங்கை கட்ட நேரமாகிறது. கமிட்டியாருக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். உடை மாற்ற என்று ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். காற்று அடித்தால் அது எங்கள் பக்கம் நிற்பதில்லை. கோயில் சாமான் அறை பூட்டித்தான் கிடக்கிறது. அரை மணி நேரம் சாவியைக் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்துவிட்டேன், இருக்கிறது.

வணக்கம்.